ஓஸ்கெல் நகரத்துத் தாகம்

மூடி வைத்திருந்த சொம்பின் விளிம்பில் உதட்டுத் தடம் இருந்தது.

ப்ரியம்வதா அதை முதலில் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். அக்கினி நட்சத்திர வெயிலில், திருப்பதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில், மின்விசிறி இறைக்கிற அனலுக்கு அடியில் படுத்துத் தூங்கும் மத்தியானத் தூக்கம் ஆளைப் பாதி வேகவைத்துத்தான் எழுப்பும். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சுவர் நெளியும், ஜன்னல் திரை மூச்சு விடும். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளிச் சொம்பு முக்காலியில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் கவிழ்த்த தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. உள்ளே, தூங்குமுன் கழுத்துவரை நிரப்பியிருந்த தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. விளிம்பில், கீழுதடு அழுந்துகிற இடத்தில், வெள்ளையாக உலர்ந்த ஒரு வளைவு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அந்த வீட்டில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. உதட்டில் படாமல் தொண்டைக்குள் தண்ணீர் விழவேண்டும் என்பது தாய்ப்பாலை மறந்த மறுநாளே அவர்கள் குடும்பங்களில் பழக்கிவிடுகிற சங்கதி. அவள் புருஷன் யதிராஜ் கொதிக்கிற காப்பியைக்கூட அரையடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு கண்ணில் நீர் கட்டி நிற்கிற ஆசாமி. கல்யாணமான புதிதில் அவள் ஒரு பாட்டிலில் வாய் வைத்துவிட்டாள் என்று, அந்தப் பாட்டிலைக் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விடுகிற உத்தியோகத்துக்கு மாற்றிவிட்டான். அந்த யதிராஜும் இப்போது வீட்டில் இல்லை. திருமலையில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவனுக்கு முறை. முறை முடிகிறவரை மலைமேல்தான் வாசம். வேலைக்கு வருகிற பொன்னியம்மாள் காலையிலேயே போய்விட்டாள். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"தூக்கத்துல நானேதான் குடிச்சிருப்பேன்" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

அப்படி நம்ப அவளுக்குக் காரணமும் இருந்தது. குடி, குடி என்றுதான் எல்லாரும் அவளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஏழாவது மாதம் முடிகிற தறுவாய். வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் குறைந்துகொண்டே வருவதாக ஸ்கேனில் தெரிந்திருந்தது. "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, நிறைய தண்ணி குடிங்க, மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது" என்று டாக்டர் வரலட்சுமி சொல்லியிருந்தார். தண்ணீர் இன்னும் இறங்கினால் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அது பிழைக்கிற அளவுக்கு இன்னும் எடை கூடவில்லை. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவும் போய்விட்டால் தன்னால் இன்னொரு முறை எழுந்து நிற்க முடியாது என்று ப்ரியம்வதாவுக்குத் தெரியும். ஆகவே அவள் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சொம்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீர், ஐஸில் போட்டு எடுத்ததுபோல் பல்லைக் கூசவைத்தது.

படுத்த படுக்கையிலும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆடுகிறவன் ஆளில்லாத ஒரு பழைய துறைமுக நகரத்தில் தனியாகப் போய் இறங்குவான். அந்த நகரத்துக்கு ஒரு சரித்திரம் வேண்டும், முழுக்க முழுக்கக் கற்பனையாக, ஆனால் நடந்ததுபோலவே. சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவள், கடலை ஆயுசில் ஓரிரு முறை மட்டுமே பார்த்தவள், அந்தத் தைரியத்தில் உலகத்தின் வடகோடிக் கடற்கரையில் ஒரு நகரத்தைக் கட்டினாள். அதற்கு ஓஸ்கெல் என்று பெயர் வைத்தாள். தமிழில் எழுதி, உரக்கப் படித்துப் பார்த்து, காதுக்குச் சரியாக வந்த பிறகே இங்கிலீஷாக்கி அனுப்புவது அவள் வழக்கம்.

ஓஸ்கெல்லுக்கு முதலில் வந்தவர்கள் உப்புக் காய்ச்சுகிறவர்கள். சாம்பல் நிறக் கடல், கரையெல்லாம் கறுத்த பாறை. உப்பைத் தேடி மீன்காரர்கள் வந்தார்கள், மீனைத் தேடிக் கப்பல்கள் வந்தன. மலையிலிருந்து இறங்குகிற ஆற்றை மரக்கால்வாயில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு கால்வாய்தான் ஊருக்கே குடிதண்ணீர். பணம் சேர்ந்ததும் பயம் சேர்ந்தது. எதிரிக் கப்பல் நுழையாதபடி துறைமுகத்தின் வாய்க்குக் குறுக்கே ஒரு பெரிய இரும்புச் சங்கிலியைக் கட்டினார்கள். வேண்டும்போது இறக்குவதற்கு ஒரு ராட்டினம். கடைசி யுத்தத்தில் சங்கிலியை ஏற்றினார்கள், ராட்டினம் உடைந்துபோயிற்று. இறக்க வழியில்லாமல் ஊர்க் கப்பல்களும் உள்ளேயே சிக்கின. எதிரி கடல்வழியாக வரவே இல்லை. மலையில் ஆற்றைத் திருப்பிவிட்டு, நிலத்துப் பக்கத்து வாசல்களை வெளியே அடைத்துக்கொண்டு காத்திருந்தான். வடக்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அந்த மறையாத வெயிலில், கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு, தாங்கள் பூட்டிய பூட்டுக்குள்ளேயே ஊர் முழுக்கத் தாகத்தில் செத்தது. சிலர் சுவரை நக்கினார்கள். சிலர் கடலைக் குடித்தார்கள், குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிற்று.

முதலில் எழுதியபோது ப்ரியம்வதா ஒரு சின்னப் படகில் குழந்தைகளை ஏற்றி, கடல் உள்வாங்கிய நேரத்தில் சங்கிலிக்கு அடியில் நழுவவிட்டிருந்தாள். மனசு கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து தருண் என்கிற பையன் போன் பண்ணினான்.

"சூப்பரா வந்திருக்கு மேடம். ஆனா அந்தப் படகைத் தூக்கிடுங்க. பிளேயர் இறங்கறப்போ அந்த ஊருக்குன்னு உலகத்துல ஒரு உயிர் இருக்கக் கூடாது. வம்சம் கிம்சம் எதுவும் வேணாம்."

"கொழந்தைகள்தானே, தருண்?"

"ரெண்டாம் பாகத்துக்கு இடிக்கும் மேடம்."

தூக்கிவிட்டாள். ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதானே.

கடைசி அத்தியாயத்தை அவள் உரக்கப் படித்தது அமாவாசையன்று காலையில். யதிராஜ் அன்று மத்தியானம் மலைக்குப் புறப்பட வேண்டும். கூடத்தில் தெற்குப் பார்த்து உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தான். போன வருஷம் அவன் அப்பா ஸௌரிராஜன் காலமானதிலிருந்து இது அவன் கடமை. தகப்பன் இருக்கிறவரை பிள்ளை தர்ப்பணத்துக்கு உட்காருவதில்லை. பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கையைச் சாய்த்துத் தட்டில் விட வேண்டும். அப்பாவுக்கு, அப்பாவின் அப்பாவுக்கு, அவருக்கும் அப்பாவுக்கு. எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கை தண்ணீர், பேர் சொல்ல ஒருவரும் இல்லாதவர்களுக்கு: தாயில்லாதவர், தகப்பனில்லாதவர், பந்துக்களில்லாதவர், கோத்திரமில்லாதவர், அத்தனை பேரும் இந்தத் தண்ணீரால் திருப்தியடையட்டும்.

உள்ளே படுக்கையில் ப்ரியம்வதா படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவன் "தாயில்லாதவர்" என்று மந்திரத்தில் சொல்லி மூச்செடுத்த இடைவெளியில் அவள் குரல் தெளிவாகப் போய் விழுந்தது: "ஓஸ்கெல்லின் ஜனங்கள் அத்தனை பேரும்." அவன் கை சாய்ந்தது.

"தர்ப்பணம் நடக்கறச்சே வாயை மூடிண்டு செத்த சும்மா இருக்கப் படாதா நீ?" என்று எழுந்து வந்து கேட்டான். "யாருக்கு விட்டேன்னே நேக்குத் தெரியலை."

"ஊரில்லாத ஜனங்களுக்கு விட்டேள். புண்ணியம்தான், போங்கோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தட்டை எடுக்கப் போனவன் கொஞ்சம் நின்று பார்த்தான். தட்டில் எள் இருந்தது, தர்ப்பை இருந்தது. தண்ணீர் இல்லை. எள் வறுத்ததுபோல் காய்ந்து கிடந்தது. "என்ன வெயில்டா இது" என்று சொல்லிவிட்டு மலைக்குப் புறப்பட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் சொம்பு. சொம்புக்குப் பிறகு நாற்றம்.

நாற்றத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் பொன்னியம்மாள். நகரிப் பக்கத்துக்காரி, வாய் ஓயாதவள், வாசலில் செருப்பை விடும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாம்மா இது? ஐயமாரு வூட்ல கருவாட்டு வாசனை வருது!"

"கீழ் வீட்டுல சமைக்கறாளா இருக்கும், பொன்னியம்மா."

"கீய் வூடு பூட்டிக் கெடக்குதும்மா. நா கருவாடு துன்றவ, எனக்குத் தெரியாதா? இது கருவாடு கூட இல்ல. கடலு."

கடலே இல்லாத ஊரில், ஏழு மலையின் காலடியில், சமையலறைத் தொட்டியிலிருந்தும் குளியலறைக் குழாயிலிருந்தும் ஈர மணலும் அழுகிய பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை மெல்லக் கிளம்பி, பெருமாள் அலமாரியின் பச்சைக் கற்பூர மணத்தையும் துளசி மணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிவிட்டு, கூடத்தைத் தாண்டி, திரைச்சீலைகளில் ஏறி, ப்ரியம்வதாவின் தலையணைக்குள் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடினால் சாம்பல் நிறக் கடல் தெரிந்தது. அதை எழுதும்போது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

அடுத்துத் தண்ணீர். டேங்கர் வந்து மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். மற்ற வீடுகளிலெல்லாம் வாளி வாளியாய் வரும். இவர்கள் வீட்டுக் குழாய் மட்டும் சீறிவிட்டு நிற்கும். பிடித்து வைத்த தண்ணீர் நிற்கவில்லை. ஒரு நாள் காலை பொன்னியம்மாள் குளியலறையிலிருந்து ஈரமில்லாத கைகளோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் வழக்கமான வம்பு இல்லை.

"பெரிய டிரம் ரொம்பப் புடிச்சு வெச்சேன்மா. துணிய எடுத்துக்கினு திரும்பறேன், காலி. ஒரு சொட்டு இல்ல. டிரம்மைச் சுத்தி உப்புப் பூத்துக் கீது." குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உள்ள யாரோ முழுங்கற சத்தம் கேட்டுச்சும்மா. எங்கப்பன் சத்தியமா."

"நீ இன்னிக்கு என்னோட இருந்துடேன், பொன்னியம்மா."

"என்னால ஆவாதும்மா. கோச்சுக்காத. நீயும் யார் வூட்டுக்காவது போயிடு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். அப்புறம் வரவில்லை.

போவதென்றால் எப்படிப் போவது? லிப்ட் பழுதாகி வாசலில் கயிறு கட்டியிருந்தது. மாடிப்படி கூடாது. அந்த வாரத்து ஸ்கேனுக்கே ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது நர்ஸ் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்தாள். ப்ரியம்வதா அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கண் அயர்ந்தாள். விழித்தபோது கப் காலி. விளிம்பில் வெள்ளை வளைவு. அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. இது வீட்டில் இல்லை. தன்னோடு வருகிறது.

"இன்னும் குறைஞ்சிருக்கேம்மா" என்றார் டாக்டர் வரலட்சுமி, திரையைப் பார்த்தபடி. "இவ்வளவு குடிச்சும் எங்க போகுது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். ஏறலைன்னா ஆபரேஷன்தான். வேற வழி லேது."

அன்று சாயந்திரம் யதிராஜ் போனில் வந்தான். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வெளியே வந்தால்தான் அவன் அகப்படுவான்.

"ஏன்னா, நீங்க எறங்கி வந்துடுங்கோ. ஆத்துல யாரோ இருக்கா. தண்ணியெல்லாம் குடிச்சுடறா."

"யாரு?"

"நீங்க அன்னிக்கு யாருக்கு விட்டேளோ, அவா."

அவன் குழந்தையிடம் பேசுவதுபோல், "வெள்ளிக்கிழமை கார்த்தால முறை முடியறது, நேரா வந்துடறேன். பெருமாளை நினைச்சுண்டு படுத்துக்கோ. ஒண்ணுமில்லை" என்றான். அவன் நம்பவில்லை என்பது அவளுக்கு அழுகையாக வந்தது. அழுவதற்குக் கண்ணில் ஈரம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று.

மின்விசிறி கடைசிச் சுற்றை இழுத்து இழுத்துச் சுற்றி நின்றதும், அதுவரை அதன் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டிருந்த மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தெருவில் யாரும் இல்லை, அந்த வெயிலில் நாய்கூட நடமாடாது. ஜன்னல் திரைக்கு வெளியே வெளிச்சம் வெள்ளையாக நின்றது. நகரவில்லை. மணி போயிருக்க வேண்டும், நிழல் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் சுவரில் திரையின் நிழல் அதே இடத்தில் கிடந்தது. மறையாத வெயில் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. எழுதும்போது அழகாக இருந்த சொற்கள்.

குளியலறையில் முதலில் கேட்டது.

மடக். மடக்.

தாகத்தோடு குடிக்கிறவன் தொண்டை போடுகிற சத்தம். ஒன்றல்ல. வாளியைச் சுற்றிப் பல தொண்டைகள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு, பொறுமையில்லாமல். பிறகு பிளாஸ்டிக் தரையில் உரசியது. வாளி காலி. சத்தம் சமையலறைக்குப் போயிற்று. குடிதண்ணீர்க் கேனில் காற்றுக் குமிழி ஏறுகிற 'குபுக்' அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அது ஒருமுறை கேட்டது, பின் நிற்காமல் கேட்டது. கேனும் முடிந்தது. பெருமாள் அலமாரியில் தீர்த்தப் பாத்திரம் லேசாக நகர்ந்தது. அதிலும் ஒரு வாய்.

பிறகு அமைதி. ஈரக் காலடிகள் அல்ல. காய்ந்த கால்கள், மணலில் நடப்பதுபோல், கூடத்துத் தரையில்.

அவள் போனை எடுத்தாள். யதிராஜின் போன் அணைந்திருந்தது. எழ வேண்டும் என்று நினைத்தாள். எழுந்தால் மாடிப்படிதான், அது கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்தபடி, வயிற்றை இரு கையாலும் மூடிக்கொண்டு கிடந்தாள். முக்காலியில் சொம்பின் மேல் கவிழ்த்த தட்டு இருந்தபடியே இருக்க, உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. சொம்பும் காலி.

வீட்டில் வேறெங்கும் தண்ணீர் இல்லை.

இல்லை. ஓர் இடத்தில் இருக்கிறது.

அது அவளுக்குப் புரிந்த நேரமும் அவர்களுக்குப் புரிந்த நேரமும் ஒன்றுதான். காலடிகள் கட்டிலைச் சுற்றி வந்து நின்றன. ஒருவரையும் காணவில்லை. கடல் வாடை. மெத்தையின் ஓரம் அமுங்கியது. இன்னோர் ஓரம். புடவையையும் மூடிய கையையும் தாண்டி, வயிற்றின் தோலில் ஏதோ பட்டது. வறண்டது. வெடிப்பு விட்டது. சில்லென்றது.

உதடு.

மடக்.

உள்ளே குழந்தை உதைத்தது. வயிறு கல்லாக இறுகியது. "வேண்டாம், அதை விட்டுடுங்கோ" என்று கத்தினாள். குரல் வரவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. இன்னோர் உதடு. இன்னொன்று.

ஏன் என்னிடம்? யாருமில்லாதவர்கள். ஒரு கை தண்ணீர் விட உலகத்தில் ஒரு வாரிசு இல்லாதவர்கள். அவர்களை அப்படி ஆக்கியவள் யார்? படகைத் தூக்கியவள் யார்?

லேப்டாப் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பாட்டரி இருந்தது. ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டு, ஒரு கையால் தட்டினாள். ஓஸ்கெல், கடைசி அத்தியாயம். யாராவது ஒருவர் தப்பவேண்டும். ஒருவர் போதும். இவர்களுக்கென்று ஒரு சொந்தம் இருந்துவிட்டால் அங்கே போய்விடுவார்கள், அங்கே போய்க் கேட்கட்டும், என் குழந்தையை விட்டுவிடட்டும். யோசிக்க நேரமில்லை. கைக்கு வந்ததை அடித்தாள். அந்தக் கடைசிக் கோடையில் ஒரு பெண் படகில் ஏறினாள். அவள் பிள்ளைத்தாய்ச்சி. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள், வயிற்றை இரு கையாலும் மூடிக்கொண்டாள். படகு சங்கிலிக்கு அடியில் நழுவிப் போயிற்று. அவள் வயிற்றில் இருப்பது ஓஸ்கெல் நகரம் முழுமைக்கும் பிள்ளை. செத்தவர்கள் அத்தனை பேருக்கும் அது தண்ணீர் விடும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

உரக்கப் படித்தாள். வெடித்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, கடைசிவரை படித்தாள்.

உதடுகள் விலகின. எல்லாம் ஒரே சமயத்தில்.

மெத்தை மேலே எழும்பியது. காலடிகள் போகவில்லை, வரவும் இல்லை, இல்லாமல் ஆயின. சுவரில் நிழல் சட்டென்று ஒரு முழம் சாய்ந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியது. சமையலறையில் திறந்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டு ப்ரியம்வதா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை கண்ணீர் வந்தது. வீடெங்கும் துளசி மணத்தது.

மறுநாள் காலை யதிராஜ் மலையிலிருந்து நேராக வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த கவலை பாதியாயிற்று. அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள், உதட்டில் ஈரம் இருந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் நாற்காலியில் இறக்கிவிட, போகிற வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடந்ததைச் சொல்லவில்லை. எதற்கு, போய்விட்டார்களே.

டாக்டர் வரலட்சுமி அவனையும் உள்ளே வரச்சொன்னார். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

"பர்வாலேதே! தண்ணி நல்லா ஏறியிருக்கு. ஒரே வாரத்துல இவ்வளவு நான் பார்த்ததே இல்லை. இனிமே பயம் வேண்டாம்மா."

யதிராஜ் அவள் கையை அழுத்தினான். திரையில் கருப்பாகத் தண்ணீர் விரிந்து கிடந்தது, அதன் நடுவே வெளுப்பாகக் குழந்தை. தலை தெரிந்தது, முதுகின் வளைவு தெரிந்தது, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறது. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு அது போதும் என்று நினைத்தாள்.

"கையைப் பாருங்க, எப்படி விளையாடுது" என்று டாக்டர் சிரித்தார்.

வலது கை. விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் குழித்துக்கொண்டிருந்தது. குழித்த கையை மெதுவாகத் தூக்கியது. நிதானமாக, பழகினவர்கள் பண்ணுகிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருபக்கமாகச் சாய்த்தது.

யதிராஜின் பிடி விட்டுப்போயிற்று. அவள் கைக்குள் அவன் கை அப்படியே இருந்தது, ஆனால் அதில் பிடி இல்லை. அவனுக்குத் தெரியாததா அந்தக் கை? மாதாமாதம் அவன் சாய்க்கிற கை.

"நான் இருக்கேனே" என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. மிகவும் மெல்லிய குரலில், கெஞ்சுவதுபோல் மறுபடி சொன்னான். "நான் இன்னும் இருக்கேனே, ப்ரியா."

டாக்டர் எதையோ அளந்துகொண்டு, சந்தோஷமாக எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் சின்னக் கை மறுபடி குழிந்தது. நிரம்புகிறவரை பொறுத்தது. சாய்ந்தது. அதன் எதிரே, திரை ஓரத்துச் சாம்பல் நிறத்தில், வரிசையாக, பின்னால் இன்னும் வரிசையாக, வாய்கள் திறந்தன.